ஐவி ஒழிப்புச் சங்கம்

எங்கள் ஊரில் ஐவிக் கொடியை ஒழிப்பதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. அதன் செயலாளர் நான். என் சமையலறை ஜன்னலில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, என் கல்யாணத்திலிருந்து ஒரு ஐவி வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டும் உண்மை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

கல்யாணத்தன்று என் கையில் இருந்த பூச்செண்டில் வெள்ளை ரோஜாவோடு ரெண்டு இணுக்கு ஐவியும் செருகியிருந்தது. மணப்பெண் கையில் ஐவி இருந்தால் பிடித்த பிடி விடாது என்று எங்களில் ஒரு பேச்சு. ரோஜா ஒரு வாரத்தில் வாடிக் குப்பைக்குப் போனது. என் புருஷன் லாரி அந்த ஐவியை மட்டும் தூக்கிப் போடவில்லை. ரேடியோவில் யாரோ சொன்னதைக் கேட்டுக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, பியர் கிளாஸில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்திவைத்தான். ஒரு நாள் காலையில் பல்கூட விளக்காமல், "நெரிடா! ஓடி வா! வேர் விட்டுடுச்சு!" என்று கத்தினான் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டதென்று நினைத்துத் தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்தார். அப்புறம் மண் தொட்டிக்கு மாற்றினோம். இலை ஓரமெல்லாம் பாலாடை நிறத்தில் கரை கட்டிய ஜாதி அது. கடையில் கிடைக்கும் பச்சை ஐவி அல்ல.

லாரி போய் ரெண்டு வருஷம் ஆகிறது. கொடி இருந்தது.

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் என் மகள் டாம்சினுக்குக் கல்யாணம் என்று முடிவாயிற்று. உடுப்பு, கேக், பாட்டு எதைப் பற்றியும் அவள் அலட்டிக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மா, அப்பா வெச்ச ஐவில ரெண்டு இணுக்கு என் பூச்செண்டுல இருக்கணும். அது கையில இருந்தா அவர் கூட நடந்து வர்ற மாதிரி இருக்கும்."

"இது ஒரு பெரிய விஷயமா? ஜன்னல்ல தொங்குது, வேணுங்கறத கிள்ளிக்கோ" என்றேன். என் வாய் முகூர்த்தம் அப்படி.

சங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். மெல்போர்னிலிருந்து மலை ஏறினால் எங்கள் ஊர். ஊர் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கு. அதில் வானத்தைத் தொடுகிற யூகலிப்டஸ் மரங்கள், கீழே குடை விரித்த மாதிரி மரப் பெரணிகள். அந்த மரங்களில் எல்லாம் ஐவி ஏறிவிட்டது. ஏறினால் சும்மா இருக்காது; உச்சிக்குப் போய்ப் பூத்துக் காய்க்கும். அந்தக் காயைக் காட்டுக் காகங்கள் தின்று அடுத்த மலையில் போய் எச்சம் போடும். அதை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தொட்டியில் தொங்குகிற கொடி பூக்கவும் பூக்காது, காய்க்கவும் காய்க்காது. ஜன்னலை விட்டு இறங்கி மரம் ஏறினதும் கிடையாது. இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஏனென்றால் எங்கள் தலைவர் கிளெனிஸ் பாஸ்கோ.

கிளெனிஸ் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையை விட்டாள், விசிலை விடவில்லை. சனிக்கிழமை காலையில் பள்ளத்தாக்கில் நாங்கள் எல்லோரும் முட்டி வலிக்க மண்டியிட்டுக் கொடி பிடுங்குவோம். காலுறைக்குள் அட்டை ஏறும். விசில் ஊதினால்தான் டீ. அங்கே ஒரு யாழ்வால் குருவி உண்டு, கேட்ட சத்தத்தையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்கிற பறவை. அது கிளெனிஸின் விசிலைக் கற்றுக்கொண்டுவிட்டது. நினைத்த நேரத்தில் ஊதும். நாங்களும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு டீக்குப் போய்விடுவோம். "நான் ஊதல! திரும்பி வாங்க! அது குருவி!" என்று அவள் பின்னால் கத்திக்கொண்டே வருவாள். எங்கள் சங்கத்தில் எனக்கு மனதாரப் பிடித்த உறுப்பினர் அந்தக் குருவிதான்.

அப்படியென்றால் ஏன் சேர்ந்தாய் என்று கேட்பீர்கள். லாரி போன பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மலையில் சங்கத்தில் சேராதவளை யாரும் டீக்குக் கூப்பிட மாட்டார்கள். வேறென்ன?

பிடுங்கின கொடியை என்ன செய்வது என்பதற்கு கிளெனிஸ் ஒரு வழி கண்டுபிடித்தாள். "நீளமா இருந்தாத்தானே ஏறும்? சாண் சாணா வெட்டுங்க. பள்ளத்துல நிழலாப் பார்த்துக் குவிங்க. மேல ஈர வைக்கோலப் போட்டு மூடுங்க. மூச்சு முட்டிச் செத்துடும்" என்றாள். 

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். சாண் அளவுத் துண்டு, துண்டுக்கு ரெண்டு மூன்று கணு, நிழல், ஈரம். இது கொலை இல்லை, பிரசவ ஆஸ்பத்திரி. ஐவியை ஒரு தடவையாவது வீட்டில் பதியம் போட்டவர்களுக்கு இது தெரியும். ஆனால் வாயைத் திறந்தால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டு வெட்டினேன். பக்கத்தில் எங்கள் பொருளாளர் கோல் பிசெட் கத்தரியைப் பிடித்தபடி குவியலையே வெறித்துப் பார்த்தார். சங்கத்துக்கு ஸ்கோன் என்கிற சின்ன பன் சுட்டுக்கொண்டு வரும் வில்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமி, நிறுத்திக்கொண்டாள். அட்டை கடித்திருக்கும் என்று நினைத்தேன்.

குளிர்காலம் முழுக்க வெட்டிக் குவித்தோம். வசந்தம் பிறந்ததும் கிளெனிஸுக்கு அடுத்த யோசனை வந்தது. உறுப்பினர்கள் வீட்டு வாசலில் "ஐவி இல்லாத இல்லம்" என்று பலகை அடிக்க வேண்டுமாம். கோல் மரத்தில் எழுதி வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்தார். முதல் பலகை செயலாளர் வீட்டில்தான், அன்றைக்குக் கூட்டமும் அங்கேதான், ஆளுக்கு ஒரு தட்டுப் பலகாரம் கொண்டுவரவேண்டும்.

நான் ஐவித் தொட்டியைத் தூக்கிக் குளியல் தொட்டிக்குள் வைத்துத் திரையை இழுத்து விட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். கேக் தின்ற கையைக் கழுவப் போன கிளெனிஸ், கழுவின கையில் என் ஐவியோடு கூடத்துக்கு வந்தாள்.

"நெரிடா. இது என்ன?"

"செடி."

"செடின்னு எனக்குத் தெரியாதா? என்ன செடி?"

"லாரி வெச்சது, கிளெனிஸ். என் கல்யாணப் பூச்செண்டுல இருந்து. டாம்சின் கல்யாணத்துக்கு வேணும். அதுவரைக்கும் விட்டுடு, கெஞ்சிக் கேக்கறேன்."

"அடிப்பாவி!" என்று வில்மா நெஞ்சில் கை வைத்தாள். "செயலாளர் வீட்லயேவா!"

"வேலியே பயிர மேஞ்சா எப்படிம்மா?" என்றார் கோல். அவர் தாடியில் லாமிங்டன் கேக்கின் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

"கடையில ஐவி விக்கறான், பூக்காரன்கிட்ட சொன்னா செருகிக் கொடுத்துட்டுப் போறான்" என்று வில்மா ஆறுதல் வேறு சொன்னாள். 

"செத்துப்போன உன் நாய்க்குப் பதிலா வேற நாய் வாங்கிக் கொடுத்தா சரின்னுடுவியா?" என்று கத்தினேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. நல்லா வேணும்.

"இன்னைக்கு உனக்கு விட்டா நாளைக்கு ஊரே கேக்கும்" என்றாள் கிளெனிஸ். "கையத் தூக்குங்க."

தூக்கினார்கள். அத்தனை பேரும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள், தரையைப் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள், என்னைப் பார்த்து ஒருவரும் தூக்கவில்லை. கொடியைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி மண்டபத்துத் தகரக் கூரையில் போட்டு வெயிலில் வேகவைப்பது என்று தீர்மானம். "நானே பார்த்துக்கறேன்" என்று கிளெனிஸ் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது என் வாசலில் பலகை அடித்துவிட்டுத்தான் போனார்கள்.

டாம்சினுக்கு போன் செய்து சொன்னேன். "பரவாயில்லம்மா" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் 'பரவாயில்ல'தான் என்னைப் போட்டு அறுத்தது. போனை வைத்துவிட்டு வெறும் ஜன்னலைப் பார்த்து அழுதேன்.

சங்கத்தை விட்டு விலகியிருக்கலாம். விலகவில்லை. விலகினால் அவர்களுக்கு நிம்மதி. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய், ஒருவரோடும் பேசாமல், உர்ரென்று மண்டியிட்டுக் கொடி பிடுங்கினேன். என் எதிரில் அவர்களால் நிம்மதியாக ஒரு ஸ்கோன் தின்ன முடியவில்லை. அந்த அளவுக்குத் திருப்தி.

டிசம்பர் பிறந்து, எங்கள் பக்கத்துக் கோடை தொடங்கின முதல் சனிக்கிழமை. பள்ளத்தில் வைக்கோலை விலக்கிப் பார்க்கப் போனோம். விலக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. குவியல் இருந்த இடம் முழுக்கப் பச்சைப் பசேல். பள்ளிக்கூட மைதானம் அகலத்துக்கு இளங்கொடி தளதளவென்று நிற்கிறது, வைக்கோலைத் தள்ளிக்கொண்டு. மாவட்டத்திலேயே பெரிய ஐவி நாற்றங்காலை நாங்கள் சம்பளம் வாங்காமல் போட்டு வைத்திருக்கிறோம்.

கிளெனிஸ் வாயடைத்து நின்றாள். நான் பார்த்த முதல் தடவை அது. "எப்படி?" என்றாள். "வெட்டிப் போட்டது எப்படி வேர் விடும்?"

எல்லோரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள்.

"கணு இருக்குல்ல, அதான்" என்றார் கோல், மெதுவாக.

"என்ன கணு?"

"இல்ல... எங்கேயோ படிச்சேன். கணுவுல இருந்துதான் வேர் வரும்னு."

"கணு மட்டும் இருந்தா ஆச்சா?" என்று வில்மா பட்டென்று கேட்டாள். "அடி இலையக் கிள்ளணும். இல்லாட்டி தண்ணிக்குள்ள அழுகிடும்."

"தண்ணில எதுக்குப் போடறே?" கோலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நேரா மண்ணுல நடு. தண்ணில வர்றது நோஞ்சான் வேரு. மாத்தி வெச்சா சுருண்டுடும்."

"யாரோடது நோஞ்சான்? வந்து பாரு எங்க வீட்டுக்கு! ஜாம் பாட்டில் கொள்ளாம வேர் விட்டு நிக்குது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று வில்மாவுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்தினாள். ஆனால் அதற்குள் மடை உடைந்துவிட்டது. பின்னால் இருந்து ஒருத்தி, பாட்டில் கண்ணாடியாக இருக்கக் கூடாது, பாசி பிடிக்கும், பீங்கான்தான் நல்லது என்றாள். இன்னொருவர், குளியலறை ஜன்னல்தான் உத்தமம், ஆவி இருக்கிறது என்றார். துணி துவைக்கிற இடத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம் வரும் என்றார் மற்றொருவர். முற்றின தண்டா இளந்தண்டா என்று ஒரு பக்கம் சண்டை. ஊருக்குத்தான் உபதேசம் என்று இருந்த அத்தனை பேரும் நுணல் மாதிரி தன் வாயால் கெட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ரத்தம் கொதித்தது. இத்தனை ஜன்னலிலும் ஐவியை வைத்துக்கொண்டா எனக்கு எதிராகக் கையைத் தூக்கினீர்கள்?

"மழைத்தண்ணி பிடிச்சு ஊத்தணும், குழாய்த்தண்ணி ஆகாது" என்று யாரோ சொன்னார்கள்.

"மழைத்தண்ணியாம், மழைத்தண்ணி!" என்றது ஒரு குரல். "அடுப்புக்கரி ஒரு துண்டு போட்டா எந்தத் தண்ணியும் ஒரு மாசத்துக்கு நாறாது. இதுகூடத் தெரியாம எதுக்குய்யா செடி வளர்க்க..."

குரல் பாதியில் நின்றது. கிளெனிஸ்.

பள்ளத்தாக்கு மொத்தமும் அவளைப் பார்த்தது. அவள் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு மெல்ல மேலே ஏறித் தொப்பிக்குள் போயிற்று. அப்போது பார்த்து பெரணிப் புதருக்குள்ளிருந்து யாழ்வால் குருவி விசில் ஊதியது.

"டீக் குடிக்கலாமா?" என்றாள் வில்மா.

"குடிக்கலாம், குடிக்கலாம்" என்று எல்லோரும் மேலே ஏறினோம். கிளெனிஸும் வந்தாள். மழை வருமா வராதா என்று பேசினோம். நடந்ததைப் பற்றி அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஒரு வார்த்தை கிடையாது. சங்கடமான எதையும் எங்கள் ஊரில் டீயோடு விழுங்கிவிடுவார்கள். அந்த நாற்றங்காலைத் தோண்டி எடுக்க எங்களுக்கு இன்னும் ரெண்டு கோடை பிடிக்கும்.

ஆனால் மனசாட்சி என்று ஒன்று சிலருக்கு இருக்கிறதே. அந்த வாரம் முழுக்க என் பின்வாசல் கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. துண்டில் சுற்றின ஜாடியோடு ஒவ்வொருவராக வந்தார்கள், திருட்டுச் சரக்கு கைமாற்றுகிற மாதிரி. ஒவ்வொருவரும் ஒரே கதையைச் சொன்னார்கள்.

"போன ஈஸ்டருக்கு உன் வீட்டுக்கு வந்தப்ப உன் தொட்டில இருந்து ஒரு துண்டு கிள்ளிட்டேன், கோவிச்சுக்காத. டாம்சினுக்கு வெச்சுக்கோ" என்றாள் வில்மா.

பார்த்தேன். முழுப் பச்சை. பள்ளத்தாக்கில் பிடுங்கும்போது பைக்குள் போட்டுக்கொண்ட சரக்கு. "வில்மா, என்னோடதுல கரை இருக்கும்."

"அப்படியா? ஜன்னல் மாறினதுல போயிருக்கும்."

கோல் கொண்டுவந்ததும் பச்சைதான். "வயசானா கரை வரும்மா" என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அன்னைக்குக் கையத் தூக்கியிருக்கக் கூடாது" என்றார். பொய் சொல்ல வந்த மனுஷன் கண் கலங்கி நின்றால் நான் என்ன செய்ய? ஜாடியை வாங்கிக்கொண்டேன். பாத்திரத் தொட்டிக்கு மேலே ஜன்னல் நிறைய ஜாடி. "ஐவி இல்லாத இல்லம்" பலகைக்கு உள்ளே ஊர் ஐவியெல்லாம். கரை வைத்த இலை மட்டும் ஒன்றுகூட இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. முன்வாசல். கிளெனிஸ் நின்றிருந்தாள், கையில் கடைக்குப் போகிற பை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"பறிமுதல் பண்ணின ஒரு பொருளை ஒப்படைக்க வந்திருக்கேன்" என்றாள், யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி.

பைக்குள் ஒரு பியர் கிளாஸ். அதில் கவையாகப் பிரிந்த ஒரு கொப்பு. வெள்ளை நூல் மாதிரி வேர்கள், அடியில் ஒரு துண்டுக் கரி. ஒவ்வொரு இலையிலும் பாலாடைக் கரை.

கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

"அன்னைக்குப் பையைக் கூரைல வெச்சிட்டு ஏணில பாதி இறங்கிட்டேன்" என்றாள். "என்னமோ மாதிரி இருந்துச்சு. லாரி எனக்கும் தெரிஞ்சவன்தானே. திரும்ப ஏறிப் போய் ஒரு கொப்பு கிள்ளினேன். ஒண்ணே ஒண்ணு."

"இத்தனை நாள் ஏன் சொல்லல, பாவி? நான் எத்தனை நாள் அழுதிருப்பேன்!"

"நான் தலைவர்" என்றாள். 

கன்னத்தில் ஒன்று விடலாமா என்றுதான் கையைத் தூக்கினேன். எப்படியோ அது அவள் கழுத்தைச் சுற்றிப் போய்விட்டது. அவள் மரக்கட்டை மாதிரி நின்றாள். விசில் என் நெஞ்சில் குத்தியது.

மறுநாள் வெள்ளை ரோஜாவுக்கு நடுவே ரெண்டு இணுக்கு ஐவியோடு டாம்சின் மண்டபத்துக்குள் நடந்து வந்தாள். கூட யாரும் வரவில்லை, யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இடது கையில் பூச்செண்டு. வலது கை மட்டும் முழங்கையில் மடங்கியிருந்தது, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி. நான் வாய்விட்டு அழுதேன். கோல் கைக்குட்டை கொடுத்தார். அதிலும் தேங்காய்ப்பூ.

விருந்து முடிந்து, கல்யாணம் ஆகாத பெண்களைப் பார்த்துப் பூச்செண்டை எறிகிற நேரம் வந்தது. மண்டபத்துப் பின்வராந்தாவில் நின்று, முதுகைத் திருப்பி, டாம்சின் எறிந்தாள். அப்பனைப் போலவே கை பலம் அவளுக்கு. பூச்செண்டு பெண்கள் தலைக்கு மேலே, கேக் மேஜைக்கு மேலே, நேரே பள்ளத்தாக்கைப் பார்த்துப் பறந்தது. சங்கத்துக்காரர்கள் அத்தனை பேரும் "ஐயோ!" என்று எழுந்து நின்றோம். வேலி ஓரத்தில் காலையிலிருந்தே ஏனோ ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் எகிறினாள், ஒற்றைக் கையால் பிடித்தாள். பழைய விளையாட்டு டீச்சர் சும்மாவா?

கிளெனிஸ் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். ஐவியைப் பார்த்தாள்.

"இது கீழ விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றாள், தலைவர் குரலில். "வெளில போட முடியாது. நானே வீட்டுக்குக் கொண்டு போய் முறைப்படி அழிச்சிடறேன்."

"அதான் சரி" என்றார் கோல்.

"முறைப்படிதான் அழிக்கணும்" என்றாள் வில்மா. சங்கம் மொத்தமும் தலையாட்டியது.

"டாம்சின், உன் புது வீட்ல ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கு?" என்று கிளெனிஸ் கேட்டாள். "அழிச்சதுக்கு அத்தாட்சியா ஒரு ஜாடில போட்டுக் கொண்டுவந்து காட்டறேன்."

"கிழக்கு" என்றாள் என் மகள், சிரிப்பும் அழுகையுமாக.

நான் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தேன்.

"நல்லா அழி, கிளெனிஸ்" என்றேன். "கணுவுக்குக் கீழ வெட்டு."